முன்பணமா, பின்பணமா?

நடுவர் அவர்களே! "காசைக் கட்டிட்டு கரண்ட் எடுத்தா குடும்பம் சிக்கனமா நடக்கும்" என்றார் எதிரணி நண்பர். நியாயம் இருக்கு. முன்கட்டண மீட்டர் வைக்கிறவரிடம் டெபாசிட் கேட்கக்கூடாது என்று 2003 மின்சாரச் சட்டமே சொல்லுது.

ஆனா நம்ம புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்துல பூப்பறிக்கிற அம்மாவை நினைச்சுப் பாருங்க. அடைமழைன்னா அன்னிக்குக் கூலி இல்லை. அந்த நேரம் மீட்டர்ல பணமும் தீர்ந்தா? விளக்கு அணைஞ்சிடும்! ரெண்டு மாச பில்லுன்னா, கட்டத் தவறினாலும் அதே சட்டப்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் இணைப்பைத் துண்டிக்க முடியும். ஏழைக்கு அந்த அவகாசம் பெரிய உதவி, ஐயா!

அப்போ சிக்கனம் எங்கே இருக்கு? கணக்குல இருக்கு! 2022 செப்டம்பர் கட்டணப்படி ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடினா 1,725 ரூபாய் வந்துச்சு. 501 ஓடினா? 1,958 ரூபாய்! 500-ஐத் தாண்டினதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.25 ரூபாய் அப்போ 4.50 ஆகிவிட்டது. அதுல 225, கூடுதல் யூனிட்டுக்கு 8. ஆக ஒரே யூனிட்டால் 233 ரூபாய் போச்சு!

இதைத் தடுக்கப் புது மீட்டர் வேண்டாம், தாய்மார்களே. வாரம் ஒருநாள் இருக்கிற மீட்டரைப் பார்த்துக் காலண்டர்ல குறிச்சு வையுங்க. முன்னாடி பணம் கட்டுறது சிக்கனம் இல்லைங்க. முன்னாடியே கணக்குப் பார்க்கிறதுதான் சிக்கனம்! (கைதட்டல்)