கோரையில் ஓராண்டுக் கோரை: ஜீடிமெட்லா ஏரிக்கரைச் செடி ஒன்று

கோரை என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு பொருள்தான் நினைவுக்கு வரும். ஒன்று பாய். மற்றொன்று, குழந்தைகளைக் குளிப்பாட்டும் பொடியில் சேர்க்கிற கோரைக்கிழங்கு. பாய்க்கோரை கரூர், முசிறிப் பக்கம் காவிரிப் பாசனத்தில் நட்டு வளர்ப்பது. பத்தமடைப் பாய்க்கு ஆன கோரை தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தது. கிழங்குக் கோரையை வைத்தியர்கள் முத்தக்காசு என்பார்கள். இங்கே பேகம் பஜாரில் நாகர்மோத்தா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இவ்விரண்டும் பல்லாண்டு வாழ்பவை. ஆனால் ஒரே மழைக்காலத்தில் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, மடிந்துபோகிற கோரையும் உண்டு. நாம் தினமும் தாண்டிப் போகிற செடிதான், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் சைப்பெரஸ் இரியா. லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட பெருநூலிலேயே இது இடம்பெற்றுவிட்டது. வந்தவாசிப் பக்கத்து வயல்களில் களை எடுக்கிற பெண்கள் இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை, "கோரை மண்டிப்போச்சு" என்பதோடு சரி. தெலுங்குக்காரர்களும் பொதுவாகத் துங்க என்றே சொல்லிவிடுவார்கள்.

முதலில், இது புல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தண்டை இரண்டு விரலுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும், பெரும்பாலும் உள்ளே கூடு, கணுக் கணுவாகப் போகும். கோரைத் தண்டு உருளாது. மூன்று பட்டை, உள்ளே சோறு நிறைந்திருக்கும், பூங்கொத்து வரைக்கும் கணுவே கிடையாது. இலைகளும் மூன்று வரிசையில் கிளம்பும், புல்லில் இரண்டு வரிசைதான். தொல்காப்பிய மரபியல் வெளியே வயிரம் உள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உள்ளவற்றை மரம் என்றும் பிரித்தது. அந்தக் கணக்கில் கோரையும் புல்லோடு சேர்ந்துவிடும். இன்றைய தாவர நூல் அதைத் தனிக் குடும்பமாக வைக்கிறது.

நம் செடி ஒரு முழம், மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். குத்துக் குத்தாக நிற்கும். பிடுங்கினால் மஞ்சள்சிவப்பான சல்லிவேர் மட்டும் கையோடு வரும், கிழங்கு இராது. கிழங்கு வகையைத் தொடாத எங்களைப் போன்ற சமணக் குடும்பங்களில் இந்த வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்! உச்சியில் குடைக்கம்பிபோல் கிளைகள் விரியும். அவற்றில் மஞ்சளும் பழுப்புமாகத் தட்டையான சிறு கதிர்கள். இதன் உறவுக்காரியான வட்டக்கோரையில் கதிர்கள் நெருங்கி உருண்டைப் பந்தாகத் திரளும். அவள் நிற்கிற தண்ணீரிலும் வாழ்வாள். இது சேறும் ஈரமுமான இடத்தையே விரும்பும். இளம்பயிராக இருக்கும்போது வயலில் தண்ணீர் கட்டிவிட்டால் அடங்கிப்போகும். நாற்று நடவு வயலைவிட நேரடி விதைப்பு வயலில் இது பெருந்தொல்லையாவது அதனால்தான்.

முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே பூத்துவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். விதை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், மூன்று பட்டை, பழுப்புக் கறுப்பு. இந்த விதை முளைக்க ஈரம் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். ஓரிரு அங்குல ஆழத்தில் புதைந்தால் வெளியே வராமல் மண்ணிலேயே காத்துக் கிடக்கும். ஏர் ஓட்டிப் புரட்டினால் மறுபடி கிளம்பும். ஒரே பருவத்தில் பிடுங்கி ஒழித்துவிட முடியாத சூட்சுமம் இதுதான்.

இன்னொரு விந்தையும் உண்டு. பூச்சிகளின் உடம்பில் இளம்பருவ ஹார்மோன் என்று ஒன்று சுரக்கிறது. புழு புழுவாகவே வளர்வதும், வளர்ந்த பெண்பூச்சியின் வயிற்றில் முட்டை முதிர்வதும் அதன் கட்டுப்பாட்டில். 1988-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, அதே பொருள் இந்தச் சாதாரணக் கோரையில் இருப்பதைக் காட்டியது. இதைத் தின்று வளர்ந்த வெட்டுக்கிளிகளில் பெண்களுக்கு முட்டைப்பை சரியாக வளரவில்லை. ஓடவும் முடியாத, முள்ளும் இல்லாத செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி போலும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஜீடிமெட்லாவின் ஃபாக்ஸ் சாகர் நிஜாம் காலத்து ஏரி, கொள்ள செருவு என்றும் சொல்வார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி, பிறகு மெல்லப் பின்வாங்கும்போது ஒரு சேற்றுப் பட்டை வெளிப்படும். அதுதான் ஓராண்டுக் கோரையின் குடியிருப்பு. ஏரி எதுவரை ஏறி இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டுகிற செடி இது. தொழிற்பேட்டையை ஒட்டிய நீர்நிலை என்பதால் ஒரு சொல்: அங்கே முளைக்கும் எந்தக் கோரையையும் பிடுங்கி வந்து குளியல் பொடிக்கு அரைக்க வேண்டாம். கழிவு கலந்த சேற்றிலுள்ள உலோகங்களைச் செடி உறிஞ்சிக்கொள்ளும்.

2020 அக்டோபர் பெருமழையில் இந்த ஏரி நிரம்பி, கொம்பல்லியை ஒட்டிய குடியிருப்பு மூழ்கியது நினைவிருக்கும். 2024 ஜூலையில் ஹைட்ரா என்ற அமைப்பு ஏற்பட்டு, அடுத்த மாதங்களில் நகரத்தில் பல ஏரி எல்லைகளில் இருந்த கட்டடங்களை இடித்தது. பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரியானால் முழு நீர்மட்டக் கோட்டிலிருந்து முப்பது மீட்டருக்குள் கட்டக் கூடாது என்பது விதி. நம் பிள்ளைகள் வேலைக்கு வந்து, சேமித்த பணத்தில் இந்தப் பக்கம்தான் மனை தேடுகிறார்கள். வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், புரோக்கர் மனையைக் காட்டுவது ஏப்ரல், மே மாதத்தில். தரை காய்ந்து கிரிக்கெட் மைதானம் போல் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் ஒரு நடை போய்ப் பாருங்கள். கிழங்குக் கோரை தெரிந்தால் அதற்குப் பொருளில்லை, அது காய்ந்த தோட்டத்திலும் வரும். குழாய்க் கசிவுக்குப் பக்கத்தில் நாலு குத்து நின்றாலும் விட்டுவிடலாம். மனை முழுக்க ஓராண்டுக் கோரை பரவி, அதற்கு அப்பால் சம்பும் நின்றால், அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். உடனே ஹெச்.எம்.டி.ஏ. ஏரி வரைபடத்தில் நீர்மட்டக் கோட்டைச் சரிபார்க்க வேண்டும். செடி சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்பு வரைபடத்தில்தான்.

கோடையில் போக நேர்ந்தால் ஒரு வழி உண்டு. மனையின் மேல்மண்ணை இரண்டு கை அள்ளி வந்து, அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஈரம் காயாமல் வெயிலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் எது முளைக்கிறதோ அதன் தண்டு தடித்ததும் உருட்டிப் பாருங்கள். மொரம் கொட்டி மேடாக்கிய மனையில் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே பக்கத்தில் இன்னும் மண் கொட்டாத மனையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.