முழங்கால் வலியும் மனப்பயமும்

நமது சங்க உறுப்பினர்களில் ஐம்பதைத் தாண்டிய பலருக்கு முழங்கால் வலி உண்டு. எனக்கும் உண்டு. மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன நாள் முதல், நடந்தால் இன்னும் தேயுமே என்று பயந்து கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. திருச்சுழிப் பக்கம் வசூலுக்குப் போவது நின்றது, பாக்கியும் தேங்கியது. ஆறே மாதத்தில் தொடை மெலிந்து, குடோன் படியேறக் கைத்தாங்கல் தேவைப்பட்டது.

இந்தப் பயத்துக்கு 1990-ல் ஆய்வாளர்கள் 'கைனசியோபோபியா', அதாவது அசைவதற்கு அஞ்சுதல் என்று பெயரிட்டனர். வலிக்கு அஞ்சி உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை தளர்கிறது. தசை தாங்காததால் மூட்டுக்குச் சுமை கூடி வலி அதிகரிக்கிறது. அதனால் பயமும் வளர்கிறது. கடனுக்கு வட்டி ஏறுவது போலத்தான். மனக்கவலையும் தூக்கக்குறைவும் சேர்ந்தால் அதே வலி பெரிதாகத் தெரியும். எக்ஸ்ரேயில் தேய்மானம் அதிகமுள்ளவர் நன்றாக நடப்பதும், குறைவாக உள்ளவர் முடங்குவதும் இதனால் உண்டு.

மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசைவதால்தான் அதற்கு ஊட்டம் சேருகிறது.

நாற்காலியில் அமர்ந்து, காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கவும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை போதும். தினமும் சிறிது தூரம் நடந்து, வாரவாரம் கூட்டலாம். நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் கெடுதல் இல்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் அளவைக் குறைக்கவும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் நான்கு கிலோ குறைவதை 2005-ல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. திடீர் வீக்கம், காய்ச்சல், காலை ஊன்ற முடியாமை இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்கவும்.

வலி எனக்கு முழுவதும் போய்விடவில்லை. ஆனாலும் இப்போது பஸ் ஏறி, திருச்சுழிக்கு நானே வசூலுக்குப் போய் வருகிறேன்.