முகாம் சாமான்களும் வாடகை வண்டியும்

மாணவர்கள் கிராமங்களுக்கு வந்து தங்கித் தொண்டு புரியும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மகாத்மா காந்தியின் நூற்றாண்டு விழா நடைபெற்ற 1969-ஆம் ஆண்டில், செப்டம்பர் 24-ஆம் நாளன்று, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களைக் கொண்டு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தின் சிறப்பு முகாம் ஏழு நாட்கள் நடைபெறும். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் கல்லூரிகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் மாணவர்கள் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு வந்து, வாய்க்காலைத் தூர்வாருதல், மரக்கன்று நடுதல், கோயில் குளத்தைத் துப்புரவு செய்தல் முதலிய பணிகளில் ஈடுபடுகின்றனர்.

முகாமுக்கு இடம் தருவதும், குடிநீருக்கு வழி செய்வதும், செய்ய வேண்டிய பணியைக் காட்டுவதும் பஞ்சாயத்தின் பொறுப்பு என்பதை யாவரும் அறிவர். ஆயின், முகாமுக்கு வேண்டிய சாமான்கள் எவ்வாறு ஊர் வந்து சேரும் என்பதைப் பற்றிக் கடைசி நாள் வரை பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. "வண்டிதானே, நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது" என்று சொல்லி, காய்கறி ஏற்றும் வண்டியையோ டிராக்டரையோ அனுப்பிவிடுகின்றனர். அடியில் அண்டாவும் மண்வெட்டியும், அவற்றின் மேல் இருபது மாணவர்களுமாக அவ்வண்டி புறப்படுகிறது. நல்லெண்ணத்தோடு செய்யும் இவ்வுதவியில் பெருந்தீங்கு மறைந்திருத்தலால், அதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

சாமான் வேறு, ஆள் வேறு

சரக்கு வண்டி சரக்குக்கே உரியது. அதன் பின்புறத்தில் இருக்கையும் இல்லை, பிடிமானமும் இல்லை. திடீரென்று தடை போட்டால் ஆளும் சாமானும் ஒருசேர முன்னே வந்து மோதும். இஃது ஒருபுறமிருக்க, சட்டத்தின் நிலையையும் நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1994-இல் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, வண்டியில் ஏற்றிய சரக்கின் உரிமையாளரோ, அவரால் அனுப்பப்பட்ட பிரதிநிதியோ உடன் சென்றால் கட்டாயக் காப்பீடு அவருக்கு உண்டு. மற்றவர்களுக்கு அது கிடையாது. சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறிச் செல்வோருக்கு ஈட்டுத்தொகை வழங்கக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இதன் பொருள் யாது? விபத்து நேர்ந்து மாணவர் ஒருவர் உயிரிழந்தால், அவர் குடும்பத்துக்கு உரிய ஈட்டுத்தொகையின் சுமை வண்டியின் உடைமையாளர் தலையில் விழக்கூடும். ஊருக்கு உதவ எண்ணி வண்டியைத் தந்த விவசாயி தம் நிலத்தை விற்க நேரிடலாம். பிள்ளையை இழந்த குடும்பமோ, அவரிடமிருந்து பணம் வருமா வராதா என்று நீதிமன்ற வாசலில் காத்து நிற்க நேரிடும். விவசாய வேலைக்கென்று காப்பீடு செய்த டிராக்டரிலும் டிரெய்லரிலும் ஆட்களை ஏற்றினாலும் இத்தகைய இடரே விளையும்.

ஆதலின், சாமான்களை வண்டியில் அனுப்புக. மாணவர்களைப் பேருந்தில் வரச் செய்க. சாமான்களுக்குப் பொறுப்பான ஒருவர் மட்டும் ஓட்டுநர் அருகிலுள்ள இருக்கையில் அமர்ந்து வரலாம்.

முதலில் எடைக் கணக்கு

எவ்வளவு எடை என்று அறியாமல் வண்டி பேசுவது, நிலத்தை அளக்காமல் விதை வாங்குவது போலாகும். 50 மாணவர்கள் ஏழு நாட்கள் தங்கும் முகாமுக்கு நாம் தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அரிசி 150 கிலோ. பருப்பு, எண்ணெய் முதலிய மளிகை 60 கிலோ. காய்கறி 100 கிலோ. அண்டா, தவலை, அடுப்பு ஆகியவை 150 கிலோ. எரிவாயு உருளை இரண்டு 70 கிலோ. மண்வெட்டி, கடப்பாரை, கூடை ஆகியவை 80 கிலோ. பாய், ஜமுக்காளம், விளக்கு ஆகியவை 70 கிலோ. மாணவர்களின் பைகள், ஆளுக்கு 6 கிலோ வீதம், 300 கிலோ. ஆக மொத்தம் 980 கிலோ.

நம் ஊர்களில் "குட்டி யானை" என்று வழங்கும் சிறு வண்டி ஏறத்தாழ முக்கால் டன் எடையைத்தான் தாங்கும். மேற்கண்ட சுமை அதற்கு மிகுதி. பெரிய வண்டியை அமர்த்தினால் வாடகை கூடும். இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. அரிசியையும் காய்கறியையும் முகாம் நடக்கும் ஊரிலேயே விவசாயிகளிடம் விலைக்கு வாங்கினால் 250 கிலோ குறையும். மாணவர்கள் தத்தம் பையைப் பேருந்தில் தாமே எடுத்து வந்தால் மேலும் 300 கிலோ குறையும். எஞ்சுவது 430 கிலோவே. ஒரு சிறு வண்டி போதும். வாடகையில் மிச்சமாகும் பணத்தோடு அரிசிக்கும் காய்கறிக்கும் உரிய பணமும் நம் ஊருக்கே வந்து சேர்கிறது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

வாடகைக்கு ஓடும் வண்டியின் எண் பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்துடையதாக இருக்கும்; மின்சார வண்டியாயின் பச்சை நிறத்தில் மஞ்சள் எழுத்துடையதாக இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உரியது. அவ்வண்டியை வாடகைக்கு அமர்த்துதல் முறையன்று. பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீட்டுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகிய நான்கையும் கேட்டு, அவை எந்நாள் வரை செல்லும் என்று பார்த்துக்கொள்க. ஏற்றத்தக்க எடை பதிவுச் சான்றைக் கொண்டே தெரியவரும். இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை. நல்ல ஓட்டுநர் தாமே எடுத்துக் காட்டுவார்.

பேச்சை எழுத்தாக்குக

வாடகைத் தகராறுகள் பெரும்பாலும் வாய்ப்பேச்சால் விளைபவை. ஆதலின், ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிடுதல் நலம்:

1. புறப்படும் நாள், நேரம், இடம், சேரும் இடம்.
2. வாடகை ஒரு வழிக்கா, இரு வழிக்கா என்பது.
3. முகாம் முடியும் நாளில் சாமான்களைத் திரும்ப ஏற்ற அதே வண்டி வருமா என்பது.
4. ஏற்றுகூலி, இறக்குகூலி, ஓட்டுநர் படி, காத்திருக்கும் நேரத்துக்குரிய தொகை ஆகியவை யாரைச் சேர்ந்தவை என்பது.
5. சுங்கக் கட்டணம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் செல்லும் வண்டி விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியைக் கடக்க வேண்டும். அக்கட்டணம் வாடகையில் அடங்குமா என்பதை முன்னரே பேசிக்கொள்க.
6. கொடுத்த முன்பணம், அதற்குரிய ரசீது.

சாமான்களின் பட்டியல் ஒன்றை இரு பிரதிகளாக எழுதி, ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். பாத்திரங்கள் வாடகைக் கடையைச் சேர்ந்தவையாயின் இது மிகவும் இன்றியமையாதது. ஒரு தவலை காணாமற் போனாலும் அதன் விலையை முகாம் பணத்திலிருந்தே கொடுக்க நேரும்.

ஏற்றும் முறை

பளுவான அண்டாக்களையும் இரும்புக் கருவிகளையும் அடியில், ஓட்டுநர் அறையை ஒட்டி வைக்க வேண்டும். மண்வெட்டிகளின் வாயைச் சாக்கினால் சுற்றிக் கட்டுக. எரிவாயு உருளையைப் படுக்க வைத்தல் ஆகாது. மூடியிட்டு, நிமிர்த்தி, அசையாமல் கட்ட வேண்டும். இறங்கியதும் முதலில் வேண்டுவன அடுப்பும் தண்ணீர்ப் பாத்திரமுமே. அவற்றைக் கடைசியில் ஏற்றுக. யாவற்றுக்கும் மேல் தார்ப்பாய் போர்த்திக் கயிற்றால் இறுக்குக. கடப்பாரையோ கம்போ வண்டிக்கு வெளியே நீண்டிருத்தல் கூடாது.

மழைக்காலமாயின்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலம் உள்ளிட்ட நம் வட்டாரம் பெருமழையில் மூழ்கியது. டிசம்பர் 2-ஆம் நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் உயர்ந்தமையால் ரயில்களும் நிறுத்தப்பட்டன. இத்தகைய காலங்களில் நிவாரண முகாமுக்குப் பாயும் பாத்திரமும் அரிசியும் கொண்டுசெல்லப் பஞ்சாயத்துகள் உடனடியாக வண்டி தேட வேண்டியிருக்கும். அவசரத்தில் மேலே கூறியவற்றையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க இயலாது. எனவே, தகுதியான வண்டிகள் நான்கைந்தின் விவரங்களையும், தரைப்பாலம் இல்லாத மாற்று வழிகளையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதி வைத்தல் அறிவுடைமையாகும்.

நம் பிள்ளைகள் நம் ஊருக்கு உழைக்க வருகிறார்கள். அவர்கள் நலமே வந்து, நலமே வீடு திரும்ப வேண்டும். அடுத்த முகாமுக்கு இசைவு தரும் பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே, சாமான்களுக்கு எந்த வண்டி, மாணவர்களுக்கு எந்தப் பேருந்து என்ற இரண்டையும் தனித்தனியே முடிவு செய்து பதிவேட்டில் எழுதிவிடுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.