அடிப்படியிலிருந்து மீண்ட ஊர்க்கழகம்

இங்கிலாந்தின் உதைபந்தாட்டம் என்றதும் பெருநகரக் கழகங்களே எமது நினைவுக்கு வரும். ஆனால் அங்கே சிறு பட்டினங்களுக்கும் சொந்தக் கழகங்கள் உண்டு. அவற்றில் ஒன்று எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் எழுந்தது.

லங்காஷயரிலுள்ள அக்ரிங்டன், பருத்தி ஆலைகளுக்கும் செங்கல்லுக்கும் பேர்போன பட்டினம். அதன் கழகமான அக்ரிங்டன் ஸ்ரான்லி 1921இல் தேசிய லீக்கில் சேர்ந்தது.

கடன் மூழ்கடித்தது

1950களின் பிற்பகுதியில் வரவு குறைந்து கடன் ஏறியது. 1958இல், ஓல்டர்ஷொட்டில் இராணுவக் காட்சிக்குப் பயன்பட்ட பழைய பார்வையாளர் கொட்டகையொன்றைக் கழகம் மலிவாக வாங்கியது. அதைப் பிரித்து ஏற்றி வந்து மீண்டும் நிறுத்திய செலவோ வாங்கிய விலையை விடப் பன்மடங்கு! 1962 மார்ச்சில் கழகம் விலகல் கடிதம் அனுப்பியது. பின்னர் மனம்மாறி அதை மீளப்பெற முயன்றபோது லீக் நிர்வாகம் மறுத்துவிட்டது. அப்பருவத்தில் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளும் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. 1966இல் கழகமே மூடப்பட்டது.

ஏணியின் கீழ்ப்படி

1968இல் ஊரவர்கள் கூடி அதே பெயரில் புதிய கழகம் அமைத்தனர். பழைய பீல் பார்க் மைதானத்துக்கு அவர்கள் திரும்பவில்லை. 1970இல் கிரவுன் மைதானத்தில், லங்காஷயர் பிராந்திய லீக்கில் ஆடத் தொடங்கினர்.

அங்குள்ள லீக் முறை ஏணி போன்றது. மேலே தேசியப் பிரிவுகள். கீழே பிராந்திய லீக்குகள். கீழே செல்லச் செல்லப் பிராந்தியம் சிறுக்கும். ஆகவே பயணச் செலவும் குறையும். கீழ்ப்படிகளில் ஆடுவோரிற் பெரும்பாலோர் பகலில் வேலைக்குப் போய், மாலையில் பயிற்சி செய்பவர்கள். முன்னணியில் நிற்கும் கழகம் ஒரு படி ஏறும். கடைசியில் நிற்பது இறங்கும். மேலேற வெற்றி மட்டும் போதாது. மின்விளக்கு, ஆசனங்கள் முதலியனவும் உரிய தரத்தில் இருக்கவேண்டும்.

முன்னர் தேசிய லீக்கினுள் நுழைய அங்கத்துவக் கழகங்களின் வாக்கு வேண்டும். 1987இலேயே ஆடி வென்று நுழையும் வழி திறந்தது.

ஸ்ரான்லி படிப்படியாக ஏறியது. 1999இல் ஒரு படி சறுக்கியது. அவ்வாண்டு பொறுப்பேற்ற பயிற்றுநர் ஜோன் கோல்மனின் கீழ் 2000, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் தத்தம் பிரிவுகளில் முதலிடம் பெற்று, 44 ஆண்டுகளின் பின் தேசிய லீக்கினுள் மீண்டும் நுழைந்தது.

1962இல் ஸ்ரான்லியின் இடம் ஒக்ஸ்போர்ட் யுனைட்டட் கழகத்துக்கு வழங்கப்பட்டிருந்தது. 2006இல் ஸ்ரான்லி மேலேறியபோது கீழிறங்கிய கழகங்களுள் ஒக்ஸ்போர்ட்டும் ஒன்று! 2018இல் ஸ்ரான்லி நான்காம் பிரிவின் முதலிடத்தையும் வென்றது. 2023இல் மீண்டும் ஒரு படி இறங்கியது. ஆனால் இம்முறை கழகம் கலையவில்லை.

மைதானம் போனது, பதிவு போனது, இடமும் பிறருக்குப் போனது. எஞ்சியது பெயரும் அதைக் கைவிடாத ஊரவர்களுமே. 1970இல் கீழ்ப்படியில் கால்வைத்தவர்கள் பலர் 2006ஐக் காணாமலே போயிருப்பர். ஆயினும் அந்த முதற்படியை அவர்கள் வைத்திராவிட்டால், பின்வந்தவர்களுக்கு ஏற ஏணியே இருந்திராது.