"வானளாவிய அதிகாரம்" பேசியவரை கைவிடாத சேரன்மகாதேவி!

"வானளாவிய அதிகாரம்" என்று சொன்னால் போதும், நெல்லைச் சீமையில் பெட்டிக்கடைக்காரர்கூட ஆளைச் சொல்லிவிடுவார். பி.எச்.பாண்டியன்!

கோவிந்தபேரிக்காரர். வக்கீல். தாமிரபரணிக் கரையில் உள்ள சேரன்மகாதேவி தொகுதியில் 1977, 1980, 1984 என்று வரிசையாக ஜெயித்த அ.தி.மு.க. எம்.எல்.ஏ. 1985-ல் சபாநாயகர் ஆனார்.

அட்டைப்பட கார்ட்டூன்

1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்து "ஆனந்த விகடன்" அட்டையில் ஒரு கார்ட்டூன் வந்தது. சபை கொதித்தது. ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு 3 மாதம் கடுங்காவல்! கோர்ட்டு இல்லை, வாதம் இல்லை. இத்தனைக்கும் சபாநாயகர் ஒரு வக்கீல்.

பத்திரிகைகள் கொந்தளித்தன. சில நாளிலேயே ஆசிரியர் விடுதலை. அவர் அதோடு விடவில்லை, ஐகோர்ட்டுக்குப் போனார். 1994-ல் அவருக்கு 1,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி தீர்ப்பு. அந்தப் பணத்தை அவர் செலவழிக்கவில்லை. கண்ணாடி போட்டு மாட்டிவைத்தார்!

சபைக்குள் போலீஸ்

எம்.ஜி.ஆர். மறைந்தபின், 1988 ஜனவரி 28-ந் தேதி ஜானகி மந்திரிசபை மீது நம்பிக்கை ஓட்டு. சபைக்குள்ளேயே அடிதடி. போலீஸ் புகுந்து தடியடி நடத்தியது. இரண்டே நாளில் ஆட்சி டிஸ்மிஸ்.

1989 தேர்தலில் ஜானகி அணி மண்ணைக் கவ்வியது. ஜானகியே ஆண்டிப்பட்டியில் தோற்றுப்போனார். சேரன்மகாதேவியிலோ பாண்டியன் ஜெயித்தார்! சென்னையில் ஆயிரம் ஏச்சு வாங்கினாலும் ஊரில் அவர் "நம்ம ஆளு"தான்.

1999-ல் நெல்லை எம்.பி. 2020 ஜனவரி 4-ந் தேதி காலமானார். அவரை நாலு தடவை ஜெயிக்கவைத்த சேரன்மகாதேவி தொகுதி அதற்கு முன்பே, 2008 மறுசீரமைப்பில், காணாமல் போய்விட்டது.