பல் டாக்டரிடம் பிள்ளையே பேசட்டும்

மே மாதம் பிறந்தால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சீருடைத் துணி வாங்கும் கூட்டம் நெரியும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒவ்வொரு வீட்டிலும் நோட்டு, பை, ஷூ என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் பல் பரிசோதனை பெரும்பாலும் இருப்பதில்லை. அதைச் சேர்த்தாக வேண்டும். ஆனால் சேர்த்தால் மட்டும் போதாது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, டாக்டர் கேட்பதற்கெல்லாம் பெற்றவர்களே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் போனதில் பாதிப் பயன்தான் கிடைக்கும். தன் வாயில் நடப்பதைப் பிள்ளை தானே டாக்டரிடம் சொல்லும்படி பழக்குவதுதான் உண்மையான தயாரிப்பு.

இந்த வயதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும்? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரண்டாவது கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் பிரஷ்ஷின் நார் எட்டாத ஆழமான பள்ளங்கள் உண்டு. புதிதாக முளைத்த பல்லின் மேல்பூச்சு முழுதாக இறுகியிருக்காது. அதனால் சொத்தை அங்கே சீக்கிரம் பிடிக்கும். பல் வெளியே தெரிந்த பிறகும் அதன் வேர் முழுமையடைய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் சொத்தை உள்ளே இருக்கும் நரம்பு வரை போய்விட்டால் சிகிச்சை கடினமாகிறது. வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஃப்ளூரைடு பூச்சால் அதைத் தடுத்து நிறுத்தலாம். பள்ளங்களைப் பூச்சுப் பொருளால் அடைத்தும் பாதுகாக்கலாம். இந்தக் கட்டத்தில் வலியே இருக்காது. 'வலிக்கவில்லையே, எதற்குப் போக வேண்டும்?' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: வலி வரும்போது பல்லை எளிதாகக் காப்பாற்றும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும்.

வடசென்னைக்கென்று இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தண்ணீர். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் இப்பகுதிக் குழாய்களில் வருகிறது. உப்பைப் பிரிக்கும் அந்த முறையில் ஃப்ளூரைடும் பெருமளவு நீங்கிவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்து பல்லில் கறை படிகிறது; இங்கே நிலைமை வேறு. தண்ணீரில் கிடைக்காத பாதுகாப்பு பேஸ்ட்டில் கிடைத்தாக வேண்டும். 1000 முதல் 1500 பி.பி.எம். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டால் காலையிலும் இரவு படுக்கும் முன்பும் துலக்க வேண்டும். இரவில் துலக்குகிறானா இல்லையா என்பது பிள்ளைக்குத்தான் தெரியும்.

மற்றொன்று, வாயில் வைக்கும் புகையிலைப் பொருள்களான மாவாவும் கூல் லிப்பும். குட்கா தமிழ்நாட்டில் 2013இல் தடை செய்யப்பட்டது. பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியும் 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவர்களிடம் கூல் லிப் பரவுவதைக் கண்டு, அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்க நேர்ந்தது. மாவாவில் புகையிலையோடு பாக்கும் சேர்கிறது. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு மெல்பவர்களுக்குக் காரம் பட்டால் வாய் எரியும். கன்னத்தின் உட்சதை நாராக இறுகி, வாய் திறக்கும் அளவு குறையும். இறுகிய சதை பழையபடி ஆவதில்லை. தொடக்கத்திலேயே பழக்கத்தை விட்டால் மேலும் இறுகுவதைத் தடுக்க வாய்ப்புண்டு. இந்தப் பழக்கத்தை ஒரு பையன் அப்பா பக்கத்தில் நிற்கும்போது சொல்வானா? ஐந்து நிமிடம் டாக்டரோடு தனியாக இருந்தால் சொல்லக்கூடும்.

'வயசுப் பிள்ளையைத் தனியே பேச விட்டால் வீட்டில் நம் பேச்சு எடுபடுமா?' என்று பெற்றோர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறைக்கப்பட்ட பழக்கத்தைக் கண்டிக்கவோ திருத்தவோ யாராலும் முடியாது. பேசி முடித்ததும் பெற்றோரும் உள்ளே வந்து சிகிச்சையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சம்மதம் தரும் பொறுப்பு அவர்களுடையதே. 'பள்ளியிலேயே வந்து பார்க்கிறார்களே' என்பது இன்னொரு கேள்வி. ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் 2013 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். பற்சொத்தையும் அதில் அடங்கும். நல்ல திட்டம். ஆனால் வகுப்பறையில் வரிசையில் நிற்கவைத்துப் பார்ப்பது சல்லடை. சிகிச்சை நாற்காலியில்தான் நடக்கும்.

மிகக் கனமான தடை ஒரு நாள் கூலி. காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவருக்கும், மணலியில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கும் ஒரு காலைப்பொழுது போனால் அன்றைய வருமானம் போய்விடும். ஆனாலும் தொடக்கத்தில் பல்லை அடைத்தால் ஒரு வருகையில் முடிந்துவிடும். ரூட் கேனல் வரை போனால் பல முறை அலைய வேண்டும், பிள்ளைக்குப் பள்ளியும் கெடும். ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்தின் அருகில் உள்ளது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது போகாமல் மே முதல் வாரத்திலேயே போனால், மறுமுறை வரச் சொன்னாலும் லீவிலேயே முடித்துவிடலாம்.

புறப்படும் முன் பிள்ளையிடம் ஒரு தாள் கொடுங்கள். எந்தப் பல் கூசுகிறது, ஈறுகளில் ரத்தம் வருகிறதா, ஒரு நாளில் எத்தனை முறை இனிப்பும் குளிர்பானமும் உள்ளே போகிறது, தெற்றுப்பல்லுக்குக் கிளிப் போட வேண்டுமா, ஊசிக்குப் பயமா என்று அவர்களே எழுதட்டும். இனிப்பின் அளவைவிட, எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பது பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் உருவாகி அடங்க அரை மணி நேரமாவது ஆகும். 'அடம் பிடித்தால் பல்லைப் பிடுங்கச் சொல்லிடுவேன்' என்று மிரட்டாதீர்கள். அப்படி வளர்ந்த பயம் பெரியவர்களானாலும் அவர்களை மருத்துவமனைப் பக்கம் வரவிடாது. பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை தன் பாடத்தைத் தானே படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தன் உடம்பைத் தானே கவனிக்கும் பொறுப்பையும் அதே வயதில் கொடுக்க வேண்டும். அதைப் பழகிக்கொள்ள ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை நல்ல இடம்.