சுமைப்பகிர்வுக் கருவி மாறும்போது அமர்வைக் காக்கும் முறைகள்

கிராமந்தோறும் சென்று விவரம் சேகரிக்கும் ஊழியர்களும், மாணவர்களின் வருகையையும் மதிப்பெண்களையும் பதிவு செய்யும் ஆசிரியர்களும் இன்று இணையப் படிவங்களைப் பெரிதும் உபயோகிக்கின்றனர். பல பக்கங்கள் கொண்ட படிவத்தை முக்கால் பங்கு நிரப்பிய நிலையில், "மீண்டும் உள்நுழைக" என்ற அறிவிப்பு திரையில் தோன்றுவதுண்டு. அதுவரை எழுதியவை மறைந்துவிடும். உழைத்தவர் தம் கை தவறியதோ என ஐயுறுவார். நெடுநேரம் வாளா இருந்தமையால் தளமே அமர்வை முடித்திருக்கலாம். ஆனால் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே இவ்வாறு நேருமாயின், தொலைவிலுள்ள கணினி நிலையத்தில் ஒரு கருவி பழுதுற்று, வேறொன்று அதன் இடத்தை ஏற்றதும் காரணமாயிருக்கலாம். இதன் தன்மையையும், இழப்பைத் தடுக்கும் முறைகளையும் இங்கு ஆராய்வோம்.

நினைவில்லாத நெறிமுறை

இணையப் பக்கங்களை அனுப்பவும் பெறவும் பயன்படும் எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறை நினைவாற்றல் அற்றது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதியதே. சற்று முன் வந்தவரே மீண்டும் வந்துள்ளார் என்பதை அறிவதற்காக, 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டூலி என்பவர் 'குக்கி' என்னும் சிறு அடையாளச் சீட்டை வகுத்தார். சர்வர் அளிக்கும் அச்சீட்டை உலாவி ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டுகிறது. சீட்டிலுள்ள எண்ணைக் கொண்டு, வந்தவர் யார், எப்பக்கம் வரை நிரப்பினார் என்னும் குறிப்பைச் சர்வர் தேடி எடுக்கிறது. இத்தொடர்ச்சியே 'அமர்வு' எனப்படும்.

காவலரும் எழுத்தர்களும்

பல்லாயிரவர் ஒரே வேளையில் வரும்போது ஒரு சர்வர் போதாது. ஆகவே பல சர்வர்களை நிறுவி, அவற்றின் முன்னே 'லோடு பாலன்சர்' என்னும் சுமைப்பகிர்வுக் கருவியை அமைக்கின்றனர். ஒரு பெரிய அலுவலகத்தை உவமையாகக் கொள்வோம். வாயிற்காவலர் வருவோரைப் பல எழுத்தர்களிடம் பிரித்து அனுப்புகிறார். மனுதாரரின் கோப்பு ஓர் எழுத்தரின் மேசை இழுப்பறையில் இருக்குமானால், அவர் மறுமுறை வரும்போதும் அதே எழுத்தரிடம் அனுப்பப்பட வேண்டும். யாரை எங்கே அனுப்பினோம் என்பதைக் காவலர் மனத்தில் இருத்திக்கொள்கிறார். அவர் திடீரென நோயுற்றுப் புதியவர் வந்தால் வாயில் திறந்தே இருக்கும். ஆனால் பழையவரின் நினைவு அவருடனேயே போய்விடும். மனுதாரர் வேறோர் எழுத்தரிடம் அனுப்பப்படுகிறார். அவரோ, "உமது கோப்பு என்னிடம் இல்லை" என்கிறார். "மீண்டும் உள்நுழைக" என்பதன் பொருள் இதுவே.

வாயில் மூடாதிருக்க வழி முன்னரே காணப்பட்டுள்ளது. ரௌட்டர்களுக்கென 1998இல் வெளியிடப்பட்ட வி.ஆர்.ஆர்.பி. என்னும் நெறிமுறை சுமைப்பகிர்வுக் கருவிகளுக்கும் பயன்படுகிறது. இரு கருவிகள் ஒரு முகவரியைப் பொதுவாகக் கொள்கின்றன. வழக்கமான அமைப்பில், முதன்மைக் கருவி தான் இயங்குவதை விநாடிக்கு ஒருமுறை அறிவிக்கும். மூன்று விநாடிக்கு மேலும் மௌனம் நீடித்தால், துணைக்கருவி அம்முகவரியை ஏற்றுக்கொள்ளும். ஆயினும் இந்நெறிமுறை முகவரியை மட்டுமே மாற்றித் தருகிறது. நினைவை மாற்றித் தருவதில்லை.

நால்வகை முறைகள்

முதலாவது, காவலரின் நினைவைப் படியெடுத்தல். எச்.ஏ. பிராக்சி போன்ற மென்பொருள்களில், எவர் எந்தச் சர்வருக்கு அனுப்பப்பட்டார் என்னும் பட்டியலைத் துணைக்கருவிக்கு உடனுக்குடன் அனுப்பிவைக்கும் வசதி உண்டு.

இரண்டாவது, பட்டியலே வேண்டாதபடி கணக்கிடுதல். மனுதாரரின் அடையாள எண்ணைக் கொண்டு இரு காவலரும் ஒரே கணக்கைப் போட்டால், ஒரே எழுத்தரையே சுட்டுவர். எழுத்தர் ஒருவர் குறைந்தாலும் மற்றவர்களின் மனுதாரர்கள் பெரிதும் இடம் மாறாதபடி அமைந்த இத்தகைய கணக்குமுறையை, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் கார்கரும் குழுவினரும் 1997இல் வெளியிட்டனர். கூகிள் நிறுவனம் 2008 முதல் பயன்படுத்திய 'மாக்லெவ்' என்னும் சுமைப்பகிர்வு அமைப்பும் இவ்வகைக் கணக்கைக் கையாள்கிறது.

இவ்விரண்டிலும் ஒரு குறை உண்டு. எழுத்தரே வராவிடில், அதாவது சர்வரே பழுதுற்றால், இழுப்பறையிலுள்ள கோப்பு கிட்டாது. மூன்றாவது முறை இக்குறையைப் போக்குகிறது. கோப்புகள் யாவும் பொதுப் பதிவறையில் வைக்கப்படுகின்றன. எந்த எழுத்தரும் எடுத்துப் பார்க்கலாம். 2003இல் தோன்றிய மெம்கேஷ்டு, 2009இல் தோன்றிய ரெடிஸ் ஆகியவை இப்பதிவறையாகப் பயன்படுவன. பதிவறையே பழுதுறாதிருக்க அதற்கும் நகல் வேண்டும். ரெடிஸின் நகலெடுப்பு வழக்கமாகச் சற்றுப் பின்தங்கியே நிகழ்வதால், கடைசியாக எழுதிய சில வரிகள் இழக்கப்படக்கூடும் என்பதும் நினைவிற்குரியது.

நான்காவது, கையொப்பமிட்ட சீட்டை மனுதாரரிடமே கொடுத்துவிடுதல். 2015இல் தரப்படுத்தப்பட்ட ஜே.டபிள்யூ.டி. இவ்வகையினது. எந்தச் சர்வரும் கையொப்பத்தைச் சரிபார்த்து ஆளை அறியலாம். ஆனால் காலக்கெடு முடியுமுன் அச்சீட்டைச் செல்லாததாக்குவது எளிதன்று. மேலும், குக்கி ஒன்றில் ஏறத்தாழ 4,096 பைட் இடமே உள்ளமையால், நீண்ட படிவத்தை அதில் அடக்க இயலாது. எனவே ஆளை அறியச் சீட்டும், படிவத்தைக் காக்கப் பொதுப் பதிவறையும் சேர்ந்திருப்பதே தகுந்த ஏற்பாடாகும்.

சோதனையும் எச்சரிக்கையும்

கருவியை மாற்றிச் சோதிப்போர், பக்கம் திறக்கிறதா என்பதோடு நின்றுவிடலாகாது. ஒருவர் படிவத்தைப் பாதி நிரப்பிய வேளையில் முதன்மைக் கருவியை நிறுத்தி, அந்தப் பாதி எஞ்சியுள்ளதா எனக் காணவேண்டும். அனுப்பும் பொத்தானை அழுத்திய கணத்தில் கருவி மாறினால், விவரம் பதிவாயிற்றா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. மீண்டும் அனுப்பினால் ஒரே குடும்பம் இருமுறை பதிவாகக்கூடும். ஒவ்வொரு படிவத்திற்கும் தனி எண் அளித்து, அதே எண் மறுபடி வந்தால் புதிதாகச் சேர்க்காதிருப்பதே இதற்குப் பரிகாரம்.

படிவத்தை நிரப்புவோர் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வரைவாகச் சேமிப்பது நலம். அனுப்பும்போது தடங்கல் நேர்ந்தால், மறுமுறை அழுத்துமுன் முந்திய பதிவு பட்டியலில் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். தடங்கல் நேர்ந்த மணியையும் நிமிடத்தையும் குறித்துத் தளத்தின் உதவிப் பிரிவிற்கு அறிவிக்கலாம். கருவி மாறிய நேரத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தால், தொலைவிலுள்ள பொறியாளருக்குப் பழுது எங்குள்ளது என்பது விளங்கும்.